நூல் அறுந்தால் எங்கிருந்து தைப்பது?

2023ஆம் ஆண்டு ஆடி பிறந்த வாரத்தில் அவர் முதன்முறையாக ஆலோசனைக்காக என்னைப் பார்க்க வந்தார். வயது 39. பெரம்பூரில் தன் வீட்டின் முன்னறையில் பெண்களுக்கான தையல் கடை நடத்துகிறார். ஆடியில் முகூர்த்தம் இல்லை. தையல்காரர்கள் மூச்சு விடும் மாதம் அது. கொண்டுவந்த துணிப்பையிலிருந்து ஏழு நீள நோட்டுகளை எடுத்து மேசைமேல் அடுக்கினார்.

ஒவ்வொன்றாகப் புரட்டினேன். முதல் பத்துப் பன்னிரண்டு பக்கங்கள் அச்சடித்தாற்போல இருந்தன. தேதி, வாடிக்கையாளர் பெயர், உயரம், சோல்டர், மார்பு, இடுப்பு, கை நீளம், முன்கழுத்து, பின்கழுத்து, முன்பணம், கொடுக்க வேண்டிய நாள் என்று ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, சிவப்பு மையில் தலைப்பு எழுதியிருந்தார். அதன் பிறகு எழுத்து கோணலாகிறது. கட்டங்கள் மறைகின்றன. ஒரு பக்கத்தில் பெயர் மட்டும். அதற்கடுத்த பக்கம் வெறுமை. அங்கிருந்து கடைசி அட்டைவரை வெறுமைதான். ஏழு நோட்டுகளும் இப்படியே. ஆறு ஆண்டுகளில் வாங்கியவை.

"இதைப் பார்த்தாலே நான் எப்படிப்பட்டவள் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும், மேடம்" என்றார்.

அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். பெயர் எதுவும் வைக்கவில்லை. எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு இடங்களில் திருத்தம் சொன்னார்; இரண்டையும் ஏற்றுக்கொண்டேன்.

ஆரம்ப சூரத்தனம்

பள்ளியில் டீச்சர் சொன்ன சொல் அது. பிறகு அம்மா சொன்னார். திருமணத்துக்குப் பின் மாமியார் சொன்னார். "இவளுக்கு எல்லாவற்றிலும் ஆரம்ப சூரத்தனம்தான், அத்தை எப்போதும் அப்படித்தான் சொல்வார்கள்" என்று அவர் சொன்னபோது குரலில் வருத்தம்கூட இல்லை. உயரம், எடை மாதிரி, தன்னைப் பற்றிய அளவுகளில் ஒன்றாக அதை ஏற்றுக்கொண்டிருந்தார்.

தொழிலில் அவர் கை தேர்ந்தவர். பிரின்செஸ் கட் ப்ளவுஸை அளவு நாடாவை ஒரே ஒரு முறை ஓட்டிவிட்டு வெட்டிவிடுவார். தீபாவளி நேரத்தில் இரவு இரண்டு மணிவரை தைப்பார், பசி தெரியாது. சிக்கல் தையலில் இல்லை, தையலைச் சுற்றியிருக்கும் வேலைகளில்தான். ஒருவர் கொடுத்த லைனிங் துணி இன்னொருவர் ப்ளவுஸுக்குள் போய்விடும். முன்பணம் வாங்கியது மறந்து மறுபடி கேட்டுவிடுவார். ஒரு கல்யாணப் பெண்ணின் ப்ளவுஸை முகூர்த்தத்தன்று விடியற்காலையில் மண்டபத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். நோட்டு எழுதினால் இவை எதுவும் நடக்காது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் எழுத முடியவில்லை என்பதுதான் அவரை அரித்தது.

நின்றுபோனவை நோட்டோடு முடியவில்லை. ரத்தச்சோகைக்கு டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை மூன்று முறை தொடங்கி நின்றிருந்தது. பெரம்பூர் மேம்பாலத்துக்கு அருகிலுள்ள பூங்காவில் காலை நடை நான்கு முறை.

அவர் என்னிடம் வந்ததே மகனால். பத்து வயது மகனுக்குப் பள்ளியின் பரிந்துரைப்படி மதிப்பீடு செய்து, ஏ.டி.ஹெச்.டி. எனப்படும் கவனக்குறைவு, மிகை இயக்கக் குறைபாடு இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். பெற்றோருக்கான கேள்வித்தாளை நிரப்பும்போது பாதியில் பேனாவை வைத்துவிட்டாராம். "பையனைப் பற்றிக் கேட்கிறார்களா, என்னைப் பற்றிக் கேட்கிறார்களா என்றே தெரியவில்லை."

மதிப்பீடு

ஏ.டி.ஹெச்.டி. குடும்பங்களில் வலுவாகத் தொடரும் தன்மை கொண்டது. பிள்ளைக்குக் கண்டறிந்த பிறகு தாய்க்கோ தந்தைக்கோ கண்டறியப்படுவது எங்கள் அறைகளில் அடிக்கடி நடப்பது. ஓடாமல், குதிக்காமல், வகுப்பின் பின்வரிசையில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண் குழந்தையை யாரும் டாக்டரிடம் அழைத்துப் போவதில்லை. 'சோம்பேறி' என்று ஒரு பெயர் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்காக உருவாக்கிய 18 கேள்விகள் கொண்ட படிவத்தில் தொடங்கினோம். அது சல்லடை மட்டும்தான். அதை வைத்து முடிவு செய்யக் கூடாது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட வரையறையின்படி, 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குக் கவனக்குறைவுப் பட்டியலின் 9 அறிகுறிகளில் 5 போதும். ஆனால் சில அறிகுறிகளாவது 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும், வீடு, வேலை, பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வெளிப்பட வேண்டும். அவருடைய அம்மா நான்காம் வகுப்பு ரேங்க் கார்டைப் பத்திரமாக வைத்திருந்தார். 'கவனம் சிதறுகிறது. திறமை உண்டு' என்று டீச்சரின் கையெழுத்து. மனநல மருத்துவர் பார்த்து உறுதி செய்தார்.

கூடவே ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் 9.1. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே போனால் ரத்தச்சோகை. தைராய்டு சரியாக இருந்தது. மாதவிடாய் அதிகப்போக்கு இருந்ததால் மகப்பேறு மருத்துவரிடமும் அனுப்பினோம். இதை வலியுறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தச்சோகை. ஒரு பெண் "முடியவில்லை" என்று சொன்னால் மனத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் ரத்தத்தைப் பார்க்க வேண்டும். இவருக்கு இரண்டும் இருந்தன. அதனால் அவருடைய தெம்பு ஒரே சீராக இருக்கவில்லை. ஒரு நாள் பதினான்கு மணி நேரம் மிஷினில் உட்காருவார். அடுத்த இரண்டு நாள் எழுந்து தண்ணீர் குடிக்கவே மலைப்பாக இருக்கும்.

ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு பார்த்து, ஏ.டி.ஹெச்.டி.க்கான மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்தைக் குறைந்த அளவில் தொடங்கினார் மனநல மருத்துவர். அது கட்டுப்பாட்டில் உள்ள மருந்து. மருத்துவர் சீட்டில்லாமல் கிடைக்காது, எல்லா மருந்துக் கடைகளிலும் இருப்பதும் இல்லை. அவருக்கு அது உதவியது. எடுத்த வேலையை முடித்துவிட்டு எழ முடிந்தது. ஆனால் நோட்டு தானாகத் திறந்துகொள்ளவில்லை.

நான் செய்த தவறு

இரண்டாவது சந்திப்பில் அவரிடம் ஒரு தாளைக் கொடுத்தேன். மாதத்துக்கு 31 கட்டங்கள். நோட்டு எழுதிய நாளில் ஒரு டிக். பலருக்கும் கொடுத்திருக்கிறேன், பலருக்கும் பயன்பட்டிருக்கிறது. அவரும் மகிழ்ச்சியாக வாங்கிக்கொண்டார். புதிய பொருள், புதிய பேனா, புதிய தொடக்கம். அவருடைய மூளை விரும்புவதெல்லாம் அதில் இருந்தது.

பத்து நாள் டிக் விழுந்தது. பதினோராம் நாள் மாதவிடாய், கூடவே மகனுக்குக் காய்ச்சல். பன்னிரண்டாம் நாள் அந்தத் தாளைப் பார்த்தார், சுவரிலிருந்து கழற்றி அலமாரிக்குள் வைத்தார். என்னிடம் வருவதையும் நிறுத்திவிட்டார். ஐந்து வாரம் கழித்து, செப்டம்பர் கடைசியில் வந்தார். "உங்கள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது, மேடம்."

எட்டாவது வெற்று நோட்டை நான்தான் அவர் கையில் கொடுத்திருக்கிறேன். அந்த ஐந்து வாரங்கள் என் கணக்கில்தான் சேர வேண்டும். தொடர்ச்சியை அளக்கும் கருவியை, தொடர்ச்சி உடையும் என்று முன்பே தெரிந்த ஒருவரிடம் கொடுத்தேன். உடைந்தால் என்ன செய்வது என்பதற்கு அந்தத் தாளில் ஒரு கட்டமும் இல்லை.

நம்மிடையே ஒரு மண்டலம் என்ற கணக்கு ஆழமாக ஊறியிருக்கிறது. 48 நாள் விடாமல் மருந்து, 48 நாள் விடாமல் கோயில். சபரிமலைக்கு மாலை போட்டால் 41 நாள் விரதம். நடுவில் முறிந்தால் முதலிலிருந்து. விரதத்துக்கு அந்தக் கட்டுப்பாடு பொருந்தும். விரதத்தின் பொருளே அதில்தான் இருக்கிறது. அன்றாடப் பழக்கத்துக்கு அது பொருந்தாது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரை 12 வாரம் கவனித்து நடத்திய ஆய்வு 2010இல் அச்சானது. ஒரு செயல் தானாக வரும் நிலையை அடைய ஒருவருக்கு 18 நாள் ஆனது, இன்னொருவருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கிட்டார்கள். நடுவில் நிற்கும் எண் 66. எனக்கு அந்த எண்களைவிட முக்கியமாகப் பட்டது வேறு. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது, பழக்கம் படிவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. அதை அவரிடம் சொன்னேன். "ஒரு நாள் என்றால் சரி. எனக்கு நாற்பது நாள் போய்விடுகிறதே" என்றார். அது நியாயமான பதில். ஒரு நாள் எப்படி நாற்பதாகிறது என்பதைத்தான் நாங்கள் பார்க்க வேண்டியிருந்தது.

பாக்கி

ஒரு மாலை முழுவதும் இதற்கே செலவிட்டோம். நோட்டு நின்ற பிறகு முதன்முறையாக அதை எடுக்க நினைத்த கணத்தை அவர் விவரிக்க, நான் குறித்துக்கொண்டேன்.

இரவு ஒன்பது மணி. கடையைக் கூட்டியாகிவிட்டது. நோட்டை எடுக்கலாமே என்று தோன்றுகிறது. உடனே அடுத்த எண்ணம்: மூன்று நாள் எழுதவில்லை. அந்த மூன்று நாளில் யார் யார் வந்தார்கள்? எதிர்வீட்டு அக்கா இரண்டு துணி கொடுத்தார். முன்பணம் இருநூறா முந்நூறா? அதைக் கேட்டுவிட்டு எழுதலாம். நாளைக்கு நிதானமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் ஏற்றிவிடலாம். நாளை அது நான்கு நாளாகிறது. இரண்டாவது வாரம் நோட்டைப் பார்த்தாலே வயிற்றைப் பிசைகிறது; தையல் மேசையின் கீழ்த்தட்டுக்கு அது போய்விடுகிறது. மூன்று மாதம் கழித்து, எம்.சி. ரோட்டில் லைனிங் வாங்கப் போகும்போது, புதிய நோட்டு ஒன்று வாங்குகிறார்.

விட்ட நாள்களை அவர் பாக்கியாகக் கணக்கு வைத்திருந்தார். பாக்கியை அடைக்காமல் கடைக்குள் நுழைய வெட்கப்படுபவரைப் போல, பழைய நோட்டுக்குள் நுழைய அவர் வெட்கப்பட்டார். நாள் ஏற ஏறக் கடனும் ஏறியது. புதிய நோட்டு மட்டும்தான் கடனில்லாத கடை.

ஏ.டி.ஹெச்.டி. உள்ளவர்களுக்கு இது ஏன் இவ்வளவு கடினம் என்பதற்கு வெவ்வேறு காரணங்கள் ஒன்றுசேர்கின்றன. விவரங்களை மனத்தில் ஏந்திக்கொண்டு வேலை செய்யும் திறன் தளர்வு; ஆகவே விட்ட மூன்று நாளை நினைவிலிருந்து எடுப்பது மற்றவர்களைவிடக் கனமான வேலை. புதியதில் தானாக எழும் ஆர்வம் இரண்டாம் முறை எழுவதில்லை. ஆகவே தொடங்குவதைவிட மீண்டும் தொடங்குவது கடினம். இவற்றின்மேல் சிறு வயது முதல் கேட்ட பேச்சு வந்து உட்காருகிறது. குடியிலிருந்து மீண்டவர்களைப் பற்றி ஆலன் மார்லட்டும் ஜூடித் கார்டனும் 1985இல் எழுதியதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஒரு முறை சறுக்குவதைவிட, 'நான் இவ்வளவுதான்' என்று அந்தச் சறுக்கலுக்குக் கொடுக்கும் விளக்கமே முழு வீழ்ச்சிக்குக் கொண்டுபோகிறது. இவருக்கு அந்த விளக்கம் ஆயத்தமாகவே இருந்தது. மூன்று பேர் முப்பது ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்த விளக்கம்.

அறுந்த நூல்

"சரி, விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம்" என்று நான் சாதாரணமாகச் சொன்னேன். எல்லாரும் சொல்வதுதானே. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"விட்ட இடத்திலிருந்து தைத்தால் பிரிந்துவிடும், மேடம்."

புரியவில்லை. அவரே விளக்கினார். மிஷினில் ஓடிக்கொண்டிருக்கும்போது நூல் அறுந்துவிட்டால், தைத்ததையெல்லாம் யாரும் பிரிப்பதில்லை. அறுந்த புள்ளியில் ஊசியை வைத்துத் தொடங்குவதும் இல்லை. அப்படிச் செய்தால் பழைய தையலின் நுனி அவிழ்ந்து அந்த இடத்தில் வாய் பிளக்கும். நூலைக் கோத்துக்கொண்டு, அரை அங்குலம் பின்னால் போய், ஏற்கெனவே போட்ட தையலின் மேலேயே நாலைந்து தையல் ஓட்டிவிட்டுத்தான் முன்னே போவார்கள். சொல்லும்போதே அவருடைய வலது கை என் மேசை விளிம்பில் துணியைப் பின்னால் இழுத்து மறுபடி தள்ளியது.

"ஒரு நாளைக்கு எத்தனை முறை நூல் அறுகிறது?"

"யார் எண்ணுவார்கள்? மட்டமான நூல் என்றால் பத்து முறைகூட."

"அப்போதெல்லாம் உங்களைத் திட்டிக்கொள்வீர்களா?"

அவர் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்று நாங்கள் எழுதிக்கொண்டவை எல்லாம் அவருடைய தொழிலிலிருந்தே வந்தன. பாக்கி எழுதக் கூடாது. மறுபடி நோட்டை எடுக்கும்போது, கடைசியாக எழுதிய வரிக்குக் கீழே ஸ்கேல் இல்லாமல் ஒரு கோடு. அதன் கீழ் அன்றைய தேதி. நடுவிலிருந்த நாள்களைத் தொடவே கூடாது. முதல் மூன்று நாள் பழைய நிலைக்குத் திரும்ப முயலக் கூடாது. அரை அங்குலம் பின்னால் போக வேண்டும், அதாவது தேதியும் பெயரும் மட்டும். புதிய நோட்டு வாங்கக் கூடாது. ஏழாவது நோட்டிலேயே தொடர வேண்டும். இந்தக் கடைசி விதிதான் அவருக்கு மிகவும் வலித்தது.

விட்ட நாள்களின் பணக் கணக்கு என்னாவது என்பது உண்மையான கேள்வி. அதைக் குற்ற உணர்ச்சி என்று ஒதுக்க முடியாது. அதற்கு ஒரு முறுக்கு டின் கிடைத்தது. துணி வாங்கும்போதே பெயரும் முன்பணமும் எழுதிய துண்டுச் சீட்டை ஊக்கு வைத்துத் துணியோடு குத்திவிடுவது அவர் எப்போதும் செய்வது. துணி போகும்போது அந்தச் சீட்டைக் கசக்கிப் போட்டுவிடுவார். இனி அதை டின்னில் போட வேண்டும். நோட்டு நின்றாலும் கணக்கு டின்னில் இருக்கும்.

தெம்பில்லாத நாளுக்கு என்று ஒரு அளவு தேவைப்பட்டது. அதற்கு அவர் ஓட்டுத் தையல் என்று பெயர் வைத்தார். மிஷின் தையலுக்கு முன் துணி நகராமலிருக்கக் கையால் போடும் நீளத் தையல். அழகு இல்லை, உறுதி இல்லை, ஆனால் துணியைப் பிடித்துக்கொள்ளும். நோட்டில் ஓட்டுத் தையல் என்றால் தேதி, வந்த துணிகளின் எண்ணிக்கை, அவ்வளவுதான். ஒரு வரி. நல்ல நாளுக்கும் வேலி போட்டோம்: எவ்வளவு உற்சாகமாக இருந்தாலும் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நோட்டில் உட்காரக் கூடாது. ஏற்ற இறக்கத் தெம்போடு வாழ்பவர்களைப் பார்க்கும்போது நான் மோசமான நாள்களைவிட நல்ல நாள்களைப் பற்றித்தான் அதிகம் கேட்பேன். அன்று செய்யும் அதிகப்படிதான் அடுத்த இரண்டு நாளைப் பறித்துக்கொள்கிறது.

ஆயுத பூஜை

அந்த ஆண்டு ஆயுத பூஜை அக்டோபர் 23. அதற்கு முன் வாரம் வந்தவர், தானாகவே ஒன்றைக் கவனித்துச் சொன்னார். மிஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, கத்தரிக்கோல், அளவு நாடா எல்லாவற்றையும் அடுக்கிப் பூஜை செய்த பிறகு அன்று முழுவதும் மிஷினைத் தொடமாட்டார்கள். தீபாவளி நெருக்கடியின் நடுவில் ஒரு நாள் போகிறது. ஆனாலும் மனம் பதறுவதில்லை. மறுநாள் விஜயதசமி காலையில் ஒரு தலையணை உறையோ கைக்குட்டையோ, சின்னதாக ஒன்றைத் தைத்து மறுபடி தொடங்குவார்கள். "அந்த ஒரு நாள் மட்டும் எனக்கு ஏன் குற்ற உணர்ச்சி வருவதில்லை?"

அந்தக் கேள்விக்கு நான் கற்ற பாடங்களில் இவ்வளவு தெளிவான பதிலைப் பார்த்ததில்லை. அந்த இடைவெளிக்குப் பெயர் இருக்கிறது. முடிவு நாள் இருக்கிறது. முடிந்ததும் என்ன செய்வது என்பது முன்பே தீர்மானமாகியிருக்கிறது. அதுவும் மிகச் சின்ன வேலை. 'இன்னது நடந்தால் இன்னது செய்வேன்' என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பவர்கள் செயலில் இறங்குவது எளிதாகிறது என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் விரிவாக எழுதினார். விஜயதசமி அந்த முடிச்சை நமக்குத் தலைமுறை தலைமுறையாகப் போட்டுக் கொடுத்திருக்கிறது.

நவம்பர் 12 தீபாவளி. அதற்கு முந்தைய இரண்டு வாரமும் நோட்டு எழுத முடியாது என்பது இருவருக்கும் தெரியும். ஆகவே அக்டோபர் 28 அன்று நோட்டை மூடி, ரப்பர் பேண்ட் போட்டு, அட்டைமேல் 'எடுக்கும் நாள்: நவம்பர் 15' என்று எழுதினார். டின் மட்டும் திறந்திருந்தது. பதினைந்தாம் தேதி எடுத்தார். ஒரு கோடு, தேதி, இரண்டு பெயர்கள். எனக்குப் படம் எடுத்து அனுப்பினார்.

மிக்ஜாம்

பதினெட்டு நாள் ஓடியது. டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை. முன்னறையில் முழங்கால் தண்ணீர். துணிகளைக் கட்டில்மேல் ஏற்றினார்கள். மிஷின் மோட்டார்களைக் கழற்றிப் பரணில் வைத்தார்கள். மூன்று நாள் மின்சாரம் இல்லை. ஏழாவது நோட்டு ஊறிக் கூழாகிவிட்டது. டின் மிதந்துகொண்டிருந்தது, உள்ளே சீட்டுகள் பாதி நனைந்து பாதி பிழைத்தன.

வீடு காய்ந்த பிறகு தையல் மேசையை ஜன்னலோரத்திலிருந்து உள்சுவருக்கு மாற்றினார்கள். யாரும் கவனிக்காத இந்த மாற்றம்தான் பழக்கத்துக்குப் பெரிய அடி. அமெரிக்காவில் வெண்டி வுட்டும் சகாக்களும் 2005இல், வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிய மாணவர்களைக் கவனித்தார்கள். உடற்பயிற்சி, நாளிதழ் வாசிப்பு போன்ற பழக்கங்கள், புதிய இடத்திலும் சூழல் பழையபடி இருந்தவர்களிடம் நீடித்தன. சூழல் மாறியவர்களிடம் கலைந்தன. நம் கை, நம் மனத்தைவிட மேசையைத்தான் அதிகம் நம்புகிறது. நோட்டு இருந்த ஆணி பழைய சுவரிலேயே இருந்தது.

37 நாள் ஒன்றும் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை, வெள்ளம் வந்த வீட்டில் அதைக் கேட்பது தகாது. பொங்கலுக்கு முந்தைய வாரம் ஒரு படம் வந்தது. மகளின் பழைய ரஃப் நோட்டில், கணக்குப் போட்ட பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில், ஒரு கோடு. கீழே தேதி. அதன் கீழ் 'ப்ளவுஸ் 3'. யாரும் நினைவூட்டாமல் அவராக எடுத்தது. அந்தப் படத்தை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த சந்திப்பில் அவர் முதலில் சொன்னது: "உள்சுவரில் ஆணி அடித்துவிட்டேன், மேடம்."

மாத்திரையும் நடையும்

இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு சேர்த்தால் சத்து சரியாக உடலில் சேராது. அவரோ காலை எட்டுக்கும் மாலை நாலுக்கும் டீ இல்லாமல் இருக்கமாட்டார். கடிகார நேரம் அவருக்குப் பிடிபடுவதில்லை; அலாரம் அடித்தால் அணைத்துவிட்டுத் தைப்பார். எனவே மாத்திரைப் பட்டையை, மிஷினின் அடிநூல் சுற்றிய பாபின்களை வைக்கும் டப்பாவுக்குள் வைத்தோம். வேலை செய்யும் நாளில் முற்பகலுக்குள் எப்படியும் ஒரு பாபின் தீரும். புதிய பாபின் எடுக்க டப்பாவைத் திறந்தால் மாத்திரை. அது டீக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் வந்து விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை பாபின் இல்லை, மாத்திரையும் இல்லை. டாக்டர் அதை ஏற்றுக்கொண்டார். ஜூன் 2024இல் ஹீமோகுளோபின் 11.8. எண் ஏறிய பிறகும் சில மாதம் மாத்திரை தொடர வேண்டும், உடலின் இருப்பு நிரம்ப வேண்டும் என்பதை எழுதியே கொடுத்தோம். பலரும் நிறுத்திவிடுவது அங்கேதான்.

காலை நடை திரும்பவில்லை. இரண்டு முறை முயன்றோம். பிறகு ஒரு நாள், யாருடைய ஆசை அது என்று கேட்டேன். தங்கையின் யோசனையாம். அதை முறைப்படி விட்டுவிடலாம் என்று முடிவு செய்தோம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'நடை, இப்போதைக்கு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நின்ற பழக்கம் எல்லாவற்றையும் தூக்கி நிறுத்த வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஒன்றை நேர்மையாக இறக்கி வைத்தால், தூக்கத் தகுந்ததற்குக் கை கிடைக்கிறது.

எதை அளந்தோம்

தொடர்ந்து எத்தனை நாள் எழுதினார் என்று எண்ணுவதை அக்டோபரிலேயே நிறுத்திவிட்டோம். நின்ற நாளிலிருந்து மறுபடி எடுத்த நாள்வரை எத்தனை நாள் என்று மட்டும் குறித்தோம். புயலுக்குப் பிறகு 37. மார்ச்சில், மகளுக்குப் பிளஸ் டூ தேர்வு நடந்தபோது, 11. ஏப்ரலில் மனநல மருந்து கடையில் கிடைக்காமல் தள்ளிப்போன வாரம் சேர்ந்து 14. மே மாதக் கத்திரி வெயிலில் 9. ஜூனில் பள்ளிச் சீருடை நெருக்கடியில் 6. ஜூலையில் 4. ஆகஸ்டில் காய்ச்சலில் படுத்து 16. சீராக இறங்கும் எண்கள் அல்ல இவை. உடம்பு எப்படி இருந்ததோ, வீடு எப்படி இருந்ததோ, அப்படியே ஏறி இறங்கின. மூன்று மாதம், ஏழு மாதம் என்று முன்பு போன இடைவெளி மறுபடி வரவில்லை. ஆகஸ்டின் 16ஐ அவர் தோல்வியாகச் சொல்லவில்லை. "காய்ச்சல், பதினாறு நாள்" என்று தகவலாகச் சொன்னார்.

ஒருவரின் அனுபவம் எல்லாருக்கும் பொருந்திவிடாது. இவருக்கு வீட்டிலேயே தொழில். அலுவலகத்தில் வருகைப் பதிவு உள்ளவருக்கு நோட்டை மூடி வைக்கும் சுதந்திரம் இருக்காது. மருந்தும் ரத்தச்சோகைக்கான சிகிச்சையும் இதில் எவ்வளவு பங்கு வகித்தன என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. இவையெல்லாம் சேர்ந்துதான் நடந்தது.

நான் மாற்றிக்கொண்டது ஒன்று உண்டு. இப்போது யார் வந்தாலும், ஒரு பழக்கத்தைத் தொடங்குவது பற்றிப் பேசும் முதல் நாளிலேயே, அது நின்ற பிறகு எடுக்கும் நாள் எப்படி இருக்கும் என்பதையும் பேசிவிடுகிறேன். எந்தப் பக்கம், எந்தப் பேனா, முதல் வரி என்ன என்பதுவரை. சிலருக்கு அது அபசகுனமாகப் படுகிறது. இன்னும் தொடங்கவே இல்லை, அதற்குள் நிற்பதைப் பற்றிப் பேசுகிறீர்களே என்பார்கள். தையல்காரரின் சம்மதத்தோடு, நூலைப் பற்றி அவர்களுக்குச் சொல்கிறேன்.

2024 செப்டம்பரில் கடைசியாக வந்தபோது நோட்டைக் கொண்டுவந்திருந்தார். மகளின் ரஃப் நோட்டு முடிந்து, இது அதன் பின் வாங்கியது. பாதிக்கு மேல் எழுதியிருந்தது. கட்டங்கள் இல்லை, சிவப்பு மை இல்லை. இடையிடையே கோணலான கோடுகள். எண்ணிப் பார்த்தேன், ஐந்து. ஒரு பக்கத்தில் தேதிக்குக் கீழ் 'கொக்கி' என்ற ஒரே சொல். அன்று உதவிக்கு வரும் பெண்ணும் வரவில்லை, எழுந்து உட்காரவே முடியவில்லை, கொக்கி வைப்பதை மட்டும் படுத்தபடி செய்தேன் என்றார். அடுத்த பக்கத்தில் பன்னிரண்டு பெயர்கள், அளவுகளோடு.

அடுத்த சந்திப்பை ஆயுத பூஜை முடிந்து வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். என் மேசையிலிருந்த நாள்காட்டியைத் தன் பக்கம் திருப்பி, விஜயதசமிக்கு அடுத்த திங்கள்கிழமையில் அவரே ஒரு சிறு கோடு போட்டார்.